ஓதத்திலிருந்து மெத்தையைக் காப்பது எப்படி? வடசென்னை வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தண்டையார்பேட்டையில் எங்கள் வீடு இரண்டாவது மாடியில் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி அடைமழையில், கட்டிலுக்கும் சுவருக்கும் இடையே விழுந்த மாத்திரை அட்டையை எடுப்பதற்காக மெத்தையை ஒருபக்கம் தூக்கினேன். அடிப்பக்கம் முழுக்க மிளகுத்தூளைத் தூவியதுபோல் கருப்புப் புள்ளிகள். தொட்டால் சில்லென்று ஈரம். வாங்கி 14 மாதம்தான் ஆகியிருந்தது. மேல்பக்கமோ புதுசு மாதிரியே பளிச்சென்று இருந்தது. விற்ற கடையில், "அந்தப் பிளாஸ்டிக் கவரைக் கழற்றாதீங்க, அழுக்கே ஆகாது" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். நாங்களும் அப்படியே வைத்திருந்தோம். அந்த மழைக்காலம் முழுக்க அம்மா மூச்சிளைப்பில் தவித்தபோது என்னென்னவோ காரணங்களை யோசித்தோம். அவர் படுத்திருந்த மெத்தையை மட்டும் யோசிக்கவில்லை.

அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதையெல்லாம் இங்கே எழுதுகிறேன். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர், வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை என்று கடலையும் கால்வாயையும் ஒட்டி வாழ்கிற நமக்கு மெத்தையின் முதல் எதிரி ஓதம், அதாவது எங்கும் ஊறி நிற்கும் ஈரம். அழுக்கு, பூச்சி, நாற்றம் எல்லாம் ஓதம் திறந்துவிட்ட வழியாக வருபவை. மெத்தை தினமும் காய்ந்தால் மற்ற வேலைகள் பாதியாகக் குறைந்துவிடும்.

ஓதம் எங்கிருந்து வருகிறது?

முதலில் நம் உடம்பிலிருந்து. தூங்கும்போது வேர்க்காவிட்டாலும் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் ஒரு டம்ளர் அளவுக்குத் தண்ணீர் வெளியேறுகிறது. கத்திரி வெயில் நாட்களில் இது இன்னும் கூடும். அதில் ஒரு பகுதி பெட்ஷீட்டைத் தாண்டி மெத்தைக்குள் இறங்கிவிடுகிறது.

இரண்டாவது காற்று. கடற்கரைக் காற்றில் நுண்ணிய உப்பு கலந்திருக்கிறது. வேர்வையிலும் உப்பு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கசியத் தொடங்கும். மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி நசநசத்துப் போவது இதனால்தான். பல மாத வேர்வை உப்பு ஊறிய மெத்தையும் அந்த ஜாடியைப் போலத்தான் நடந்துகொள்கிறது. வெளியே காய்ந்த துணி போலத் தெரிந்தாலும் உள்ளே ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

மூன்றாவது தரையும் சுவரும். தரைத்தள வீடுகளில் மொசைக், டைல்ஸ் தரை இரவில் குளிர்ந்திருக்கும். நம் உடம்புச் சூட்டில் கீழே இறங்கும் ஆவி அந்தக் குளிர்ந்த பரப்பைத் தொட்டதும் நீராகிவிடும். தரையில் போட்ட மெத்தையின் அடிப்பக்கம் எப்போதும் முதலில் கெடுவதற்கு இதுதான் காரணம்.

முதல் படி: உங்களிடம் இருப்பது எந்த மெத்தை என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதை அறியாமல் செய்யும் பராமரிப்பு சில சமயம் மெத்தையைக் கொன்றே விடும். ஒன்றுக்கு மருந்தாக இருக்கும் வெயில் இன்னொன்றுக்கு விஷம்.

இலவம்பஞ்சு மெத்தை நம் காலநிலைக்கு ஏற்றது என்று நான் உறுதியாக நம்புகிறேன். இலவம்பஞ்சின் இழை உள்ளே குழல்போல் வெற்றிடம் கொண்டது. அதன்மேல் மெழுகுபோன்ற பூச்சு இயற்கையாகவே இருப்பதால் தண்ணீர் எளிதில் ஒட்டாது. உயிர்காக்கும் மிதவை அங்கிகளில் ஒரு காலத்தில் இதை அடைத்தது அதற்காகத்தான். போடிநாயக்கனூர் பக்கத்திலிருந்து வரும் பஞ்சுக்கு நல்ல பெயர் உண்டு. இந்த மெத்தைக்கு வெயில் எவ்வளவு காட்டினாலும் நல்லது. குறை என்னவென்றால் நாளாக ஆகப் பஞ்சு அமுங்கிக் கட்டி தட்டிவிடும், மெத்தையைப் பிரித்துப் பஞ்சை மறுபடி அடிக்க வேண்டும்.

பருத்திப் பஞ்சு மெத்தைக்கும் வெயில் நல்லது. ஆனால் பருத்தி தண்ணீரை விரும்பிக் குடிக்கும். நனைந்தால் கனத்துவிடும், காய நாளாகும்.

தென்னைநார் மெத்தை என்று கடைகளில் விற்பது, நாரை ரப்பர் பாலில் ஒட்டி அழுத்திச் செய்தது. காற்றோட்டம் நன்றாக இருக்கும். கடும் வெயிலில் நாள்கணக்கில் கிடந்தால் அந்த ரப்பர் காய்ந்து உடைந்து, நார் பொடியாக உதிரும். இதை மடிக்கவும் கூடாது, தடியால் அடிக்கவும் கூடாது.

ஃபோம், மெமரி ஃபோம், லேடெக்ஸ் மூன்றுக்கும் நேர் வெயில் ஆகாது. ஃபோம் மஞ்சளாகி நொறுங்கத் தொடங்கும், லேடெக்ஸ் இறுகிப் பொடியாகும். இவற்றுக்குத் தேவை நிழலும் ஓடும் காற்றும். மெமரி ஃபோம் உடம்புச் சூட்டைப் பிடித்து வைப்பதால் ஏசி இல்லாத அறைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஸ்பிரிங் மெத்தைக்குள் காற்று நன்றாக உலவும். ஆனால் உப்புக்காற்று கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். படுக்கும்போது கிரீச் சத்தம் வந்தாலோ, துணியில் பழுப்புக் கறை தெரிந்தாலோ உள்ளே துரு தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

எந்த மெத்தையானாலும் வாங்கி வந்த அன்றே பிளாஸ்டிக் உறையை முழுக்கக் கழற்றிப் போடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

இரண்டாம் படி: மெத்தைக்கு அடியில் காற்று போக வழி

கட்டிலின் பலகை முழு ப்ளைவுட்டாக இருந்தால், ஆசாரியைக் கூப்பிட்டு அரை அடிக்கு ஒன்றாக ஒரு அங்குல ஓட்டைகள் போடச் சொல்லுங்கள். அரை நாள் வேலைதான். எங்கள் வீட்டில் செய்த மாற்றங்களிலேயே அதிகப் பலன் தந்தது இதுதான். கீழே பெட்டி வைத்த ஸ்டோரேஜ் கட்டிலாக இருந்தால் இது இன்னும் அவசியம். அந்தப் பெட்டிக்குள் பழைய துணியை நெருக்கி அடைத்துவிட்டால் ஓட்டை போட்டும் பயனில்லை, பாதி இடமாவது காலியாக விடுங்கள்.

பட்டைப் பலகை வைத்த கட்டில் நல்லது. பட்டைகளுக்கு இடையே இரண்டு விரல் முதல் நான்கு விரல் இடைவெளி போதும். அதற்கு மேல் போனால் ஃபோம் மெத்தை அந்த இடைவெளியில் தொய்ந்துவிடும்.

கட்டில் போட இடமில்லாத ஒற்றை அறை வீடுகள் நம் பக்கத்தில் நிறைய. தரையில்தான் மெத்தை என்றால் அடியில் ஒரு கோரைப்பாயை விரியுங்கள். தரையின் குளிர்ச்சி மெத்தையை நேராகத் தொடாது, கோரை கொஞ்சம் ஈரத்தையும் வாங்கிக்கொள்ளும். பாயைத் தினமும் தனியாகக் காயவைக்க வேண்டும். மெத்தைக்கு அடியில் ரெக்சினோ பிளாஸ்டிக் பாயோ போடாதீர்கள். தரை ஈரம் மேலே வராது என்று நினைத்துப் போடுகிறோம், ஆனால் மேலிருந்து இறங்கும் வேர்வை அதில் தேங்கி நின்றுவிடும்.

அப்புறம் சுவர். வடகிழக்குப் பருவமழையின் சாரல் பெரும்பாலும் வடக்கு, கிழக்குச் சுவர்களில்தான் அடிக்கும். ஐப்பசி பிறக்கும் முன் கட்டிலை அந்தச் சுவர்களிலிருந்து ஒரு கையாவது தள்ளிப் போடுங்கள். சுவரில் சுண்ணாம்பு பொரிந்து வெள்ளைப் பூ பூத்திருந்தால் அங்கே கட்டிலே வேண்டாம்.

மூன்றாம் படி: காலையில் எழுந்ததும்

எழுந்தவுடன் படுக்கையைச் சுருட்டி வைப்பது நம் வீடுகளின் ஒழுக்கம். பாய்க்கு அது சரி. மெத்தையைச் சூடும் வேர்வையுமாகச் சுருட்டினால் அந்த ஈரத்தை நாமே உள்ளே வைத்துக் கட்டுவதாக ஆகிவிடும். பெட்ஷீட்டை உதறிக் கொடியில் போடுங்கள். தலையணையை நிமிர்த்திச் சாய்த்து வையுங்கள். ஃபேனை ஓடவிட்டு, ஜன்னலைத் திறந்து, ஒரு மணி நேரம் மெத்தையை வெறுமனே விடுங்கள். தரை மெத்தையானால் சுவரில் சாய்த்து நிறுத்திவிடுங்கள், இரண்டு பக்கமும் காற்று படும். குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பி முடித்த பிறகு சுருட்டினால் போதும்.

ஏசி வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் மாற்றிச் செய்ய வேண்டும். வெயில் காலத்தில் சென்னைக் காற்று 25 டிகிரி வாக்கில் குளிர்ந்தாலே அதிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கிவிடும். இரவெல்லாம் 20 டிகிரியில் ஏசி ஓடினால் மெத்தையும் அந்த அளவுக்குக் குளிர்ந்திருக்கும். காலையில் சட்டென்று ஜன்னலைத் திறந்தால், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பின் மேல் முத்து முத்தாகத் தண்ணீர் கட்டுவதுபோல் மெத்தையிலும் ஈரம் கட்டும், கண்ணுக்குத்தான் தெரியாது. அதனால் ஏசியை 26-ல் வைத்து ஃபேனையும் சேர்த்து ஓட்டுங்கள். காலையில் ஏசியை நிறுத்திய பின் அரை மணி நேரம் ஜன்னலை மூடியே வைத்து ஃபேனை மட்டும் ஓடவிடுங்கள். அறை வெதுவெதுப்பான பிறகு திறக்கலாம்.

நான்காம் படி: வாரம் ஒருமுறை

பெட்ஷீட்டையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை துவைப்பது சுத்தத்துக்கு மட்டும் அல்ல. மெத்தையில் வாழும் டஸ்ட் மைட் என்ற தூசி உண்ணிகள் கால் மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. கடிக்காது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் பொடியைத் தின்று வாழும். அவை தண்ணீர் குடிப்பதில்லை, காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே நீடித்தால் வறண்டு செத்துப்போகும். நம் ஊரில் அந்த அளவுக்குக் காற்று காய்வது அபூர்வம் என்பதால் இங்கே அவற்றுக்கு ஆண்டு முழுக்க வசதிதான். அவற்றின் கழிவுதான் பலருக்கு விடியற்காலைத் தும்மலையும் இளைப்பையும் கிளப்பிவிடுகிறது.

60 டிகிரி சூடான தண்ணீரில் ஊறினால் இவை சாகும். அதற்கு வெப்பமானி தேவையில்லை. கொதிக்கும் தண்ணீர் ஒரு பங்கு, குழாய்த் தண்ணீர் ஒரு பங்கு கலந்தால் 60-ஐ ஒட்டி வந்துவிடும். தண்ணீரைக் கலந்த பிறகு துணியைப் போட்டு அரை மணி நேரம் மூடி வையுங்கள். சாயம் போகும் துணியைத் தனியாகப் போடுங்கள். அந்தப் பக்கம் குழந்தைகள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மெத்தைக்கும் பெட்ஷீட்டுக்கும் நடுவே, ஜிப் வைத்துக் கழற்றக்கூடிய பருத்தி உறை ஒன்று கட்டாயம் வேண்டும். பழைய வேட்டி இரண்டைச் சேர்த்துத் தைத்தாலே போதும். மாதம் ஒருமுறை அதையும் சுடுதண்ணீரில் போடலாம். குழந்தையோ படுத்த படுக்கையான பெரியவரோ இருக்கும் வீட்டில், மேலே பருத்தியும் அடியில் மெல்லிய நீர்புகாப் படலமும் கொண்ட புரொடெக்டர் வாங்குங்கள். ரப்பர் ஷீட் போட்டால் இடுப்பு படும் இடத்துக்கு மட்டும் போட்டு, அதன்மேல் மடித்த பருத்தித் துணியை விரியுங்கள். முழு மெத்தைக்கும் ரப்பர் ஷீட் போட்டால் முதுகு வெந்துவிடும்.

ஐந்தாம் படி: வெயில் காட்டுவது

எங்கள் தெருவுக்குப் பஞ்சடிக்க வரும் பெரியவர் ஒருமுறை அம்மாவிடம் சொன்னார்: "கருவாட்டுக்கு என்ன வெயிலோ அதே வெயில்தாம்மா பஞ்சுக்கும். பொழுது சாயுறதுக்குள்ள அள்ளிடணும்." காசிமேட்டில் கருவாடு காயப்போடும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். காயப்போடும் நேரம், திருப்பும் நேரம், அள்ளும் நேரம் மூன்றையும் அவர்கள் தவறவிடுவதில்லை.

கோடையில் காலையில் மேற்கிலிருந்து வரும் தரைக்காற்று சூடாகவும் வறட்சியாகவும் இருக்கும். நண்பகலை ஒட்டியோ அதற்குச் சற்றுப் பின்னாலோ கடல்காற்று உள்ளே ஏறும். நமக்கு அது சுகம். ஆனால் ஈரத்தையும் உப்பையும் கொண்டு வருவதும் அதுதான். அதனால் காலை 9 மணிக்கு மொட்டை மாடியில் போட்டு, 11 மணி வாக்கில் திருப்பிப் போட்டு, கடல்காற்று முகத்தில் படும்போது இறக்கிவிடுங்கள். மாலை ஐந்து மணி வரை விட்டு வைத்தால் காய்ந்த மெத்தை மறுபடி ஈரத்தை வாங்கிக்கொண்டு கீழே வரும்.

மாடித் தரையில் நேராகப் போடாதீர்கள். இரண்டு பெஞ்சு, பழைய கட்டில் சட்டம், கைப்பிடிச் சுவர் என்று எதன் மேலாவது போட்டால் அடியிலும் காற்று ஓடும். கைப்பிடிச் சுவரில் போட்டால் கயிற்றால் கட்டிவிடுங்கள், கீழே ஆள் நடமாட்டம் இருக்கும். எண்ணூர், மணலி பக்கம் இருப்பவர்கள் மெத்தையின் மேல் மெல்லிய பழைய புடவை ஒன்றைப் போர்த்துங்கள். நிலக்கரித் தூசியும் சாம்பலும் படியும் நாட்களில் அந்தப் புடவையை உதறிப் பார்த்தால் மெத்தைக்குள் போயிருக்க வேண்டியது எவ்வளவு என்று தெரியும்.

இலவம்பஞ்சு, பருத்தி மெத்தைகளுக்குக் கோடையில் மாதம் இருமுறை இப்படி வெயில் காட்டலாம். காய்ந்த பின் பிரம்பால் நிதானமாகத் தட்டினால் தூசி போகும், பஞ்சும் எழும்பும். தட்டுபவர் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். இளைப்பு உள்ளவர் அந்தப் பக்கமே வர வேண்டாம். தென்னைநார் மெத்தைக்கு இளவெயிலில் ஒரு மணி நேரம் போதும். ஃபோம், லேடெக்ஸ் மெத்தைகளை மாடிப்படி நிழலிலோ வராந்தாவிலோ பக்கவாட்டில் நிறுத்தி டேபிள் ஃபேன் வையுங்கள்.

ஹவுசிங் போர்டு குடியிருப்புகளில் மூன்றாம் மாடிக்கு மெத்தையைத் தூக்குவது எளிதல்ல என்பது எனக்குத் தெரியும். கனமான மெத்தைக்கு அந்தப் பாடு வேண்டாம். மாதம் ஒருமுறை மெத்தையைக் கட்டிலின் மேலேயே பக்கவாட்டில் நிறுத்தி, ஜன்னல் பக்கம் அடிப்பாகம் இருக்கும்படி வைத்து, அரை நாள் ஃபேன் போட்டாலே பெரும்பகுதி வேலை முடிந்துவிடும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலைமாட்டையும் கால்மாட்டையும் மாற்றிப் போடுங்கள். இரண்டு பக்கமும் படுக்கக்கூடிய மெத்தையானால் கவிழ்த்தும் போடலாம்.

ஆறாம் படி: கறை பட்டால்

எந்தக் கறையானாலும் உடனே ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். மெத்தையில் தண்ணீரை ஊற்றாதீர்கள். நனைத்துப் பிழிந்த துணிதான் கருவி.

குழந்தை சிறுநீர் கழித்துவிட்டால், காய்ந்த துண்டை வைத்து அழுத்தி உறிஞ்சியதும், வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துணியில் தொட்டு ஒற்றுங்கள். பிறகு ஆப்பசோடாவைத் தூவி, நான்கைந்து மணி நேரம் ஃபேனில் காயவிட்டுத் தட்டி எடுத்துவிடுங்கள். இரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீர் மட்டும்தான். வெந்நீர் பட்டால் கறை வெந்து ஒட்டிக்கொள்ளும். போகாவிட்டால் மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஒற்றலாம், துணியின் நிறம் கொஞ்சம் வெளுக்கலாம். தலையெண்ணெய்க் கறைக்குச் சோற்றரிசி மாவோ ஆப்பசோடாவோ தூவி எண்ணெயை இழுக்கவிட்டு, பின் ஒரு சொட்டுப் பாத்திரம் துலக்கும் லிக்விட். எண்ணெய்க் குளியல் நாளில் ஈரத் தலையோடு படுக்காமல் இருந்தால் தலையணை இரண்டு மடங்கு காலம் உழைக்கும்.

ஒரு எச்சரிக்கை. பிளீச்சிங் பவுடரையோ பிளீச் திரவத்தையோ வினிகரோடு கலக்காதீர்கள், சிறுநீர் பட்ட இடத்திலும் ஊற்றாதீர்கள். நச்சு வாயு கிளம்பும். மூடிய சின்ன அறையில் அது ஆபத்து.

ஏழாம் படி: மழைக்காலம்

நவம்பர்தான் நமக்கு மழை அதிகம் கொட்டும் மாதம். வெயில் பாராமல் பத்து நாள் போகலாம். இந்தக் காலத்தில் மெத்தையை முழுக்கக் காயவைக்க முடியாது, ஈரம் சேராமல் பார்த்துக்கொள்ளத்தான் முடியும். துவைத்த துணியைப் படுக்கை அறையில் காயப்போடுவதுதான் நாம் செய்யும் பெரிய தவறு. ஒரு கொடி நிறைய ஈரத்துணி சில லிட்டர் தண்ணீரை அந்த அறைக் காற்றிலேயே விட்டுவிடும். வராந்தாவிலோ, சமையல் முடிந்த பின் சமையலறையிலோ போடுங்கள். ஏசி இருந்தால் ட்ரை மோடில் பகலில் இரண்டு மணி நேரம் ஓட்டுங்கள், மழைக்காலத்தில் அது செய்யும் உதவி பெரிது. அறையின் ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. 60-க்குக் கீழே இருந்தால் நிம்மதி. 80-ல் நாள்கணக்காக நின்றால் பூஞ்சை பிடிக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

மழை விட்டு இரண்டு மணி நேரம் வெயில் எட்டிப் பார்த்தால் வேறு வேலையைத் தள்ளிவைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து மெத்தையை நிமிர்த்துங்கள். வாரம் ஒருமுறை மெத்தையைத் தூக்கி அடிப்பக்கத்தைக் கையால் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் அன்றே ஃபேன் வையுங்கள். முகர்ந்தும் பாருங்கள். மண்வாடை போன்ற மக்கிய வாசனை, புள்ளி தெரிவதற்கு முன்பே வந்துவிடும். சாம்பிராணி போட்டால் அந்த வாசனை மறையும், ஈரம் போகாது.

பூஞ்சை பிடித்தேவிட்டால் மெத்தையை வெளியே கொண்டுபோய், முகக்கவசம் போட்டுக்கொண்டு துலக்குங்கள். பிறகு சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். ஸ்பிரிட் தீப்பிடிக்கும், அருகில் அடுப்பும் விளக்கும் இருக்கக் கூடாது. மேல்துணியோடு நின்றால் காப்பாற்றலாம். ஃபோமுக்குள் இறங்கிவிட்டால் அந்த மெத்தையை விட்டுவிட வேண்டியதுதான். எங்களுடையதை அப்படித்தான் விட்டோம்.

விருந்தாளிகளுக்காகப் பரணில் வைத்திருக்கும் மெத்தையையும் மறக்காதீர்கள். பிளாஸ்டிக்கில் சுற்றாமல் பழைய பருத்திப் புடவையில் சுற்றி, மழைக்கு முன்னும் பின்னும் ஒருமுறை பிரித்துக் காற்றாட விடுங்கள். அந்துருண்டையை மெத்தைக்கு இடையில் போட வேண்டாம். ஜி6பிடி குறைபாடு (இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது) உள்ள பச்சிளங்குழந்தைகளுக்கு அதன் வாசனையே இரத்த அணுக்களை உடைத்துவிடக்கூடும்.

எட்டாம் படி: மூட்டைப்பூச்சி

மூட்டைப்பூச்சி வருவது அசுத்தத்தின் அடையாளம் அல்ல. ரயிலில் வந்த பையிலிருந்தும், இரண்டாம் கையாக வாங்கிய கட்டிலிலிருந்தும், ஒட்டுச்சுவர் வழியாகப் பக்கத்து வீட்டிலிருந்தும் வரும். வெட்கப்பட்டு மறைத்தால்தான் பெருகும்.

மெத்தையின் ஓரத் தையல், பட்டன் குழி, கட்டில் மூட்டு, ஆணி ஓட்டை ஆகியவற்றில் டார்ச் அடித்துப் பாருங்கள். பேனா மையைத் தொட்டு வைத்ததுபோன்ற கருப்புப் புள்ளிகளும், உரித்த தோலும் இருந்தால் அதுதான். சாப்பிடாமல் பல வாரம், சில சமயம் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்வந்தால் செத்துவிடும் என்று நம்ப வேண்டாம்.

இதற்குச் சூடுதான் சிறந்த மருந்து. 50 டிகிரிக்கு மேல் பூச்சியும் முட்டையும் தாங்காது. இரும்புக் கட்டிலைக் கழற்றி மூட்டுகளில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றுங்கள். துணி எல்லாவற்றையும் சுடுதண்ணீரில் போடுங்கள். மெல்லிய இலவம்பஞ்சு மெத்தையைக் கத்திரி வெயிலில் கருப்புப் பாலித்தீனில் மூடி மாடியில் போட்டு, திருப்பித் திருப்பி மூன்று நான்கு நாள் காயவைத்தால் நல்ல பலன் கிடைக்கும். வெறுமனே வெயிலில் போட்டால் பூச்சிகள் நிழல் பக்கம் நகர்ந்து தப்பித்துக்கொள்ளும். கனமான ஃபோம் மெத்தையின் நடுப்பகுதி வெயிலில் அந்தச் சூட்டை எட்டாது. அதற்குத் தையல் ஓரங்களில் ஸ்டீமரை மெதுவாக நகர்த்தி, காயவைத்து, முழுக்க மூடும் ஜிப் உறை போட்டுவிடுங்கள். நம் சூட்டில் முட்டை ஒரு வாரம் பத்து நாளில் பொரியும். எனவே பத்து நாள் கழித்து எல்லாவற்றையும் மறுபடி ஒருமுறை செய்தால்தான் வேலை முடியும். லைன் வீடுகளில் எல்லா வீட்டாரும் ஒரே வாரத்தில் செய்ய வேண்டும்.

மண்ணெண்ணெய் தெளிப்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். மெத்தை, கொசுவத்தி, மண்ணெண்ணெய் மூன்றும் ஒரே அறையில் இருக்கக் கூடாதவை. மருந்து அடித்துத்தான் ஆக வேண்டும் என்றால் உரிமம் பெற்றவர்களை வைத்து அடியுங்கள்.

ஒன்பதாம் படி: வீட்டுக்குள் தண்ணீர் வந்தால்

2015 டிசம்பரையும் 2023 டிசம்பர் மிச்சாங் புயலையும் நம் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. மிச்சாங் நேரத்தில் எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வீடுகளுக்குள் வந்தது. புயல் எச்சரிக்கை வந்த அன்றே மெத்தையைத் தார்ப்பாயில் சுற்றி, மேசை மேலோ பரணிலோ ஏற்றிவிடுங்கள். இங்கே மட்டும் பிளாஸ்டிக் நமக்கு நண்பன். ஆபத்து நீங்கியதும் உடனே பிரித்துவிட வேண்டும்.

சாக்கடை கலந்த வெள்ளத்தில் ஊறிய மெத்தையை, அது ஃபோமோ பஞ்சோ, மறுபடி பயன்படுத்தாதீர்கள். காசு போட்டு வாங்கியதை எறிய மனசு வராது. ஆனால் உள்ளே ஊறிய அழுக்கை எந்த வெயிலும் எடுக்காது. கூரை ஒழுகி நனைந்த சுத்தமான மழைத்தண்ணீர் என்றால் கதை வேறு. ஒன்றிரண்டு நாளுக்குள் காயவைத்துவிட்டால் காப்பாற்றிவிடலாம். அதைத் தாண்டினால் உள்ளே பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும்.

பத்தாம் படி: மறுபடி அடிப்பதும், விடை கொடுப்பதும்

இலவம்பஞ்சு மெத்தையை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பிரித்து அடிக்க வேண்டும். மழைக்குப் பின், தை முதல் பங்குனி வரை நல்ல காலம், பஞ்சு காய்ந்திருக்கும். பஞ்சடிக்கும்போது பக்கத்தில் இருந்து பாருங்கள். பழைய பஞ்சில் கருத்து மக்கியதை ஒதுக்கச் சொல்லி, குறைவதற்குப் புதுப் பஞ்சு சேர்க்கச் சொல்லுங்கள். அடிப்பதற்கு முன்னும் பின்னும் எடை போட்டால் இருதரப்புக்கும் சந்தேகம் இருக்காது. உறைக்கு நெருக்கமாக நெய்த கெட்டித் துணி எடுத்துக் கொடுங்கள், தளர்ந்த துணியில் பஞ்சு வெளியே பறக்கும்.

மற்ற மெத்தைகளில், நீங்கள் எழுந்த பின்னும் படுத்த இடம் ஓர் அங்குலக் குழியாகவே நின்றால், காலையில் முதுகு வலித்து நடந்ததும் சரியாகிவிட்டால், அல்லது காயவைத்தும் மக்கிய வாசனை திரும்பி வந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

பழையதைக் கால்வாயில் போடாதீர்கள். ஓட்டேரி நல்லாவிலும் கேப்டன் காட்டன் கால்வாயிலும் அடைத்துக்கொண்டு நிற்கும் ஒரு மெத்தை, அடுத்த மழைக்கு நம் தெருவுக்கே தண்ணீரைத் திருப்பி அனுப்பும். மாநகராட்சியின் 1913 எண்ணில் கேட்டு, பெரிய குப்பையாக எடுத்துச் செல்லச் சொல்லுங்கள். ஸ்பிரிங் கம்பியைப் பழைய இரும்புக் கடையில் எடுத்துக்கொள்வார்கள். போகி அன்று பழைய கோரைப்பாயோடு சேர்த்து ஃபோம் மெத்தையையும் கொளுத்தும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். ஃபோம் எரியும் புகையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வரும். அந்தப் புகை முதலில் போய்ச் சேர்வது தெருவில் விடியற்காலையில் மேளம் அடித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளிடம். மெத்தையைப் போகிக்கு முந்தைய வாரமே வீட்டைவிட்டு அனுப்பிவிடுங்கள்.